விரைவுப் பெரும்போர்க்கப்பல்களின் அமைப்பும் தரமும்: 1942 ஏப்ரிலின் இலங்கைக் கடற்பரப்பை முன்னிறுத்திய ஓர் ஒப்பாய்வு

1. தோற்றுவாய்

அஞ்சத்தக்க ஆற்றலும் தந்திரமும் ஒருங்கே வாய்ந்த ஒருவரை ‘எம்டன்’ என்று குறிப்பிடும் வழக்கு தமிழில் உண்டு. 1914 செப்தெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துச் சென்ற ஜெர்மானியக் குரூசர்க் கப்பலின் பெயரே இவ்வாறு பொதுச்சொல்லாயிற்று. எம்டன் ஒரு சிறிய கப்பல், 10.5 சதமமீற்றர் வாயளவுடைய பத்துப் பீரங்கிகளையே அது கொண்டிருந்தது. வணிகக் கப்பல்களை எட்டிப் பிடிக்கவும், தன்னிலும் வலிய கப்பல்களின் கண்ணிற்படாது விலகிச் செல்லவும் போதிய வேகம் அதற்கிருந்தமையே அதன் புகழுக்குக் காரணமாகும். அதே ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவருகே, தன்னிலும் வேகமும் தன்னிலும் பெரிய பீரங்கிகளும் உடைய சிட்னி என்னும் அவுஸ்திரேலியக் குரூசரை எதிர்ப்பட்டபோது அது அழிந்தது.

கடற்போரில் வேகத்தின் பெறுமதி யாது, அவ்வேகத்தைப் பெறுதற்கு எதனை விலையாகக் கொடுக்க வேண்டும் என்னும் இரு வினாக்களும் இச்சிறு வரலாற்றிலேயே அடங்கியுள்ளன. இவ்வினாக்கள் மிகப் பெரிய அளவில் எழுந்தது இரண்டாம் உலகப் போரின் விரைவுப் பெரும்போர்க்கப்பல்களைப் பொறுத்தவரையிலாகும். அவற்றுட் சில இலங்கையின் கடற்பரப்பிலேயே நின்றன என்பதும், அவற்றின் அமைப்பு வேறுபாடுகள் இத்தீவின் மக்களது உணவையும் வாழ்வையும் தொட்டன என்பதும் தமிழில் அதிகம் பேசப்படாத செய்திகள். அவற்றை ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வேகமும் அதன் விலையும்

பெரும்போர்க்கப்பலொன்றின் எடை மூன்று தேவைகளுக்கிடையே பங்கிடப்படுகின்றது. முதலாவது பீரங்கி, இரண்டாவது கவசம், மூன்றாவது இயந்திரம். மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டாதலின், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தேயாக வேண்டும். 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை இவ்வெல்லையை 35,000 தொன் எனவும், பீரங்கியின் வாயளவை 16 அங்குலத்துக்கு மேற்படலாகாது எனவும் விதித்தபின் இப்பங்கீடு மேலும் இறுக்கமடைந்தது.

வேகத்துக்குரிய விலை ஏனையவற்றிலும் கடுமையானது. கப்பலைச் செலுத்துதற்கு வேண்டிய வலு, பொதுவாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கின்றது எனலாம். அதாவது வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு வேண்டும். உயர்ந்த வேகங்களில், கப்பல் தானே எழுப்பும் அலையைத் தானே ஏற வேண்டியிருப்பதால், இத்தேவை இவ்விதியையும் கடந்து செல்கின்றது. நீண்ட உடலமைப்பு இந்த அலைத்தடையைக் குறைக்கும். ஆயின் நீளம் கூடினால், கவசத்தால் மூட வேண்டிய பரப்பும் கூடும். எனவே வேகத்தை விரும்பும் வடிவமைப்பாளர் இயந்திரத்தின் எடையையும் கவசப் பரப்பின் எடையையும் ஒருங்கே சுமக்க வேண்டியவராகின்றார்.

இச்சிக்கலைத் தளர்த்திய முதல் மாற்றம் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிபொருளாகக் கொண்டமையாகும். முதலாம் உலகப் போர்க் காலத்துக் குயின் எலிசபெத் வகுப்புக் கப்பல்கள் எண்ணெயை மாத்திரம் எரித்து, 15 அங்குலப் பீரங்கிகளோடும் தடித்த கவசத்தோடும் மணிக்கு 24 கடல் மைல் வேகத்தை எய்தின. (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றராகும்.) எண்ணெய்க் கப்பலுக்கு எண்ணெய்க் களஞ்சியம் வேண்டும். திருகோணமலையில் இன்றும் வரிசையாக நிற்கும் பெருந்தொட்டிகள் இத்தேவையின் விளைவேயாம். அவற்றுள் ஒன்று 1942 ஏப்ரில் 9ஆந் திகதித் தாக்குதலின்போது எரிந்தழிந்தது.

3. ஒப்பிடப்படும் கப்பல்கள்

1941 முதல் 1944 வரை இலங்கைத் துறைகளையோ அண்டைய கடலையோ வந்தடைந்த பெரும்போர்க்கப்பல்களுள் நான்கு வகைகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றின் முதன்மை அளவைகள் வருமாறு:

ரிவென்ஜ் வகுப்பு (பிரித்தானியா): 15 அங்குலப் பீரங்கி 8; பக்கக் கவசம் 330 மில்லிமீற்றர்; 40,000 பரிவலு; வடிவமைப்பு வேகம் 23 கடல் மைல்.

கொங்கோ வகுப்பு (யப்பான், மீளமைப்பின் பின்): 14 அங்குலப் பீரங்கி 8, பக்கக் கவசம் 203 மில்லிமீற்றர், 136,000 பரிவலு, வேகம் 30 கடல் மைல்.

பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் (பிரித்தானியா): 14 அங்குலப் பீரங்கி 10, பக்கக் கவசம் 356 முதல் 381 மில்லிமீற்றர் வரை, 110,000 பரிவலு, வேகம் 28 கடல் மைல்.

ரிஷலியூ (பிரான்சு): 380 மில்லிமீற்றர்ப் பீரங்கி 8, பக்கக் கவசம் ஏறத்தாழ 330 மில்லிமீற்றர், 150,000 பரிவலு, வேகம் 32 கடல் மைல்.

ஒரே வீச்சில் எறியப்படும் குண்டுகளின் மொத்த எடையை நோக்கின், ரிவென்ஜ் வகுப்பு ஏறத்தாழ 7 தொன்னும், கொங்கோ வகுப்பு 5.4 தொன்னும், பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் 7.2 தொன்னும், ரிஷலியூ 7.1 தொன்னும் எறிய வல்லன. ஆகவே பீரங்கியும் கவசமுமே அளவுகோலாயின் இந்நான்கனுள் கடைசியில் நிற்பது கொங்கோ வகுப்பேயாம். ஆயினும் 1942 ஏப்ரிலில் இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியைத் தயக்கமின்றி ஊடறுத்துச் சென்றவை அக்கப்பல்களே என்பது சிந்தனைக்குரியது.

4. கொங்கோ வகுப்பு: பழைய உடலில் புதிய வலு

கொங்கோ 1913இல் இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனத்தாரால் கட்டி முடிக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் ஜோர்ஜ் தேர்ஸ்டன். யப்பான் பிறநாட்டிற் கட்டுவித்த கடைசிப் பெருங்கப்பல் இதுவே. ஹியெய், ஹாருனா, கிரிஷிமா ஆகிய உடன்பிறப்புக் கப்பல்கள் யப்பானிலேயே கட்டப்பட்டன. தொடக்கத்தில் இவை 64,000 பரிவலுவுடன் 27.5 கடல் மைல் வேகங்கொண்ட போர்க்குரூசர்களாக இருந்தன.

முதல் மீளமைப்பில் மேற்றளக் கவசமும், நீருக்கடியில் டோர்ப்பிடோவைத் தாங்கும் புடைப்புகளும் சேர்க்கப்பட்டன, வேகம் குறைந்தது, இவை பெரும்போர்க்கப்பல்கள் என மறுவகைப்படுத்தப்பட்டன. 1930களின் இரண்டாம் மீளமைப்பில் பின்புறம் ஏறத்தாழ 8 மீற்றர் நீட்டப்பட்டு, கொதிகலன்களும் சுழலிகளும் முற்றாக மாற்றப்பட்டன. 1930ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையால் பயிற்சிக் கப்பலாக்கப்பட்டிருந்த ஹியெய் இறுதியாக 1940இல் மீளமைப்பு முடிந்து வெளிவந்தது. எடையும் புடைப்பும் கூடிய உடலை, முன்னைய வேகத்திலும் 2.5 கடல் மைல் மிகுதியாகச் செலுத்த, வலு இருமடங்குக்கு மேல் உயர்த்தப்பட வேண்டியிருந்தமை நோக்கற்பாலது. வேகத்தின் விலை பற்றி மேலே கூறப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பக்கக் கவசமோ 203 மில்லிமீற்றராகவே இருந்தது. பெரும் பீரங்கிகளுடைய பகைக் கப்பலை நேர்நின்று எதிர்க்கும் தகுதி இக்கப்பல்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஒத்த வேகத்தில் உடன்செல்லும் ஆற்றல் யப்பானின் பெரும்போர்க்கப்பல்களுள் இந்நான்கிற்கு மாத்திரமே அக்காலத்தில் இருந்தது.

5. ரிவென்ஜ் வகுப்பு: வலிமையின் சுமை

1942 மார்ச்சு இறுதியில் கிழக்குக் கடற்படையின் தலைமையை ஏற்ற அட்மிரல் சொமர்வில்லிடம் ஐந்து பெரும்போர்க்கப்பல்கள் இருந்தன. அவற்றுள் வோர்ஸ்பைட் 1930களில் முற்றாகப் புதுப்பிக்கப்பட்ட குயின் எலிசபெத் வகுப்புக் கப்பல். 24 கடல் மைல் வேகமுடையது. ஏனைய நான்கும் ரெசொலூஷன், ராமிலிஸ், ரோயல் சொவரின், ரிவென்ஜ் என்பன. இவை குயின் எலிசபெத் வகுப்புக்கு இணையான பீரங்கியும் கவசமும் உடையனவெனினும், வேகத்தை விட்டுக்கொடுத்துச் செலவைக் குறைக்கும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டவை. கால் நூற்றாண்டுச் சேவைக்குப்பின் அவை 20 கடல் மைலை எட்டுவதே அரிதாயிற்று.

வேகக் குறைவு ஒன்றே அவற்றின் குறை அன்று. ஐரோப்பாவின் வடகடலில் துறைக்கு அருகே நின்று பொருதற்கென அமைக்கப்பட்ட அவற்றுக்கு நீண்ட பயணத்துக்கு வேண்டிய எரிபொருட் கொள்ளளவோ, வெப்பக் கடலில் ஆட்களுக்கும் கொதிகலன்களுக்கும் வேண்டிய நன்னீர் வசதியோ போதியனவாக இருக்கவில்லை. இக்குறை ஒரு வரலாற்று விளைவையே உண்டாக்கிற்று. ஏப்ரில் முதலாந் திகதியளவில் தாக்குதல் நிகழுமென எதிர்பார்த்து சொமர்வில் தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே திரட்டிக் காத்திருந்தார். பகைவர் வரவில்லை. நன்னீரும் எரிபொருளும் குறைந்தமையால் 2ஆந் திகதி மாலை கடற்படை, ஏறத்தாழ 600 கடல் மைலுக்கு அப்பாலுள்ள மாலைதீவின் அத்து பவளத்தீவை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானத்தில் லெனாட் பேர்ச்சல் யப்பானியக் கடற்படையைக் கண்டு அறிவித்தபோது பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதி அத்துவில் இருந்தது.

இருபுறத்து வேகங்களையும் எண்ணிற் காண்போம். 30 கடல் மைல் வேகத்தில் ஒரு நாளிற் கடக்கக்கூடிய தூரம் 720 கடல் மைல். 18 கடல் மைல் வேகத்தில் அது 432 மாத்திரமே. எந்தக் கடற்படையும் நாள் முழுதும் உச்ச வேகத்திற் செல்வதில்லை என்பது உண்மையே. எனினும் போரை ஏற்பதா, தவிர்ப்பதா, எங்கே எப்போது ஏற்பது என்னும் தெரிவு விரைவுடையவனிடமே உள்ளது என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது. மெல்லச் செல்பவனால் தொடரவும் இயலாது, தப்பவும் இயலாது.

6. 1942 ஏப்ரில்: அளவைகளின் சோதனை

ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று பிற்பகல் டோசெற்சயர், கோர்ன்வோல் என்னும் இரு குரூசர்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் உயிரிழந்தனர். 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. துறையை விட்டுத் தெற்கே விலகிச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். இதனிடையே ஒசாவாவின் தனிப்பிரிவு வங்காள விரிகுடாவில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை அழித்ததோடு, 6ஆந் திகதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்குள்ளாயின.

இந்நாட்களில் கொங்கோ வகுப்புக் கப்பல்களின் பெரும் பீரங்கிகள் எந்தப் பிரித்தானியப் பெரும்போர்க்கப்பலை நோக்கியும் முழங்கவில்லை. ஹேர்மிஸைக் கண்டு அறிவித்தது ஹாருனாவிலிருந்து பறந்த வேவு விமானமே. நான்கு பெரும்போர்க்கப்பல்களும் இப்படையெடுப்பில் ஆற்றிய மிகப் பயனுள்ள தொண்டு, தம் பீரங்கியால் அன்றி, விமானந்தாங்கிகளுக்கு உடன்காவலாகவும் கண்ணாகவும் நின்றமையால் விளைந்தது என்பது இதனாற் பெறப்படும். சொமர்வில்லும் இதனை உணர்ந்தே, பகலிற் பொருதாது, றேடார் பொருத்திய விமானங்களால் இரவில் தாக்க வாய்ப்புத் தேடினார், வாய்ப்புக் கிட்டவில்லை. பின்னர் நான்கு ரிவென்ஜ் வகுப்புக் கப்பல்களும் கிழக்காபிரிக்காவின் கிலிந்தினித் துறைக்கு அனுப்பப்பட்டன. அழியாது பேணப்பட்ட கடற்படை பிறிதொரு நாள் பயன்படும் என்பதே அம்முடிவின் தருக்கமாகும்.

7. மலையகத்தின் அரிசி

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் அமைந்துள்ள நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளுக்கும் இக்கப்பல்களுக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். இத்தோட்டங்களின் தேயிலை அற்றன் புகையிரத நிலையத்தின் வழியாகக் கொழும்புத் துறையை அடைந்து கடலேறியது. அத்தேயிலையைப் பறித்த தொழிலாளர் உண்ட அரிசியோ கடல் வழியாகவே வந்தது. போருக்கு முன் இலங்கையின் அரிசியிற் பெரும்பகுதி இறக்குமதியாகியது. அதில் முதலிடம் பர்மாவுக்குரியது. 1942 மார்ச்சு 8ஆந் திகதி இரங்கூன் வீழ்ந்ததும் அவ்வூற்று அடைபட்டது. அடுத்த மாதமே வங்காள விரிகுடாவின் கப்பற் பாதைகளும் குலைந்தன. அரிசி பங்கீட்டுக்குள்ளாயிற்று, அதன் இடத்தைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. தோட்டத்து லயன்களின் அடுப்புகளில் சோற்றுப் பானையின் இடத்தை ரொட்டிக்கல் பங்கிட்டுக்கொண்ட மாற்றத்தில் இப்போர்க்காலத்துக்குப் பெரும் பங்குண்டு.

தோட்டத் தொழிலாளிக்கு வயல் இல்லை. வீட்டு முற்றத்துச் சிறு காய்கறிப் பாத்திக்கு அப்பால் விளைநிலம் இல்லை. கிராமத்து உழவன் பங்கீட்டுக் காலத்திலும் தன் நெல்லில் ஒரு பகுதியை நம்பலாம். லயத்தில் வாழ்ந்தவர் கப்பலையே நம்ப வேண்டியிருந்தது. ஆகவே கடலாதிக்கம் என்பது துறைமுக நகரங்களுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. கடலையே காணாத மலையகத்துப் பிள்ளையின் பசியும் அதனோடு பிணைக்கப்பட்டிருந்தது. மலாயாவும் ஒல்லாந்தர் ஆண்ட தீவுகளும் வீழ்ந்தபின், நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே முதன்மை ஊற்றாக எஞ்சியமையால், இத்தீவின் தோட்டங்கள் போரின் நடுவிலேயே வைக்கப்பட்டன.

8. பிரின்ஸ் ஒவ் வேல்ஸும் ரிஷலியூவும்

வேகம், கவசம் இரண்டும் ஒருங்கே அமைந்தால் குறை நீங்கிவிடுமா? பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் 1941 நவம்பர் 28ஆந் திகதி கொழும்பை வந்தடைந்தது. இந்நான்கு வகைகளுள் மிகத் தடித்த பக்கக் கவசம் அதனுடையதே. 1936ஆம் ஆண்டின் இரண்டாம் இலண்டன் உடன்படிக்கைக்கு அமையப் பீரங்கி 14 அங்குலமாகக் குறைக்கப்பட்டு, எண்ணிக்கை பத்தாகக் கூட்டப்பட்டது. இலங்கையைக் கடந்து சிங்கப்பூர் சென்ற அக்கப்பலும் ரிப்பல்ஸ் என்னும் போர்க்குரூசரும், டிசெம்பர் 10ஆந் திகதி மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால், இந்தோசீனத்திலிருந்து பறந்து வந்த யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. இரு கப்பல்களிலுமாக 840 பேர் இறந்தனர். அவற்றோடு விமானந்தாங்கி எதுவும் செல்லவில்லை. கப்பலின் வேகம் மணிக்கு 28 கடல் மைலாயினும், விமானத்தின் முன் அது நிற்பதற்கு ஒப்பாகும்.

ரிஷலியூ வேறொரு தீர்வைக் காட்டுகின்றது. அதன் எட்டுப் பீரங்கிகளும் முன்புறத்து இரு கோபுரங்களில், கோபுரத்துக்கு நான்காக அமைக்கப்பட்டன. இதனாற் கவசம் மூட வேண்டிய நீளம் சுருங்கி, மிச்சமான எடை இயந்திரத்துக்குக் கிடைத்தது. ஒரு குண்டினால் பாதிப் பீரங்கிகள் செயலிழக்கும் இடரைக் குறைக்கக் கோபுரங்களின் உள்ளே இடைச்சுவர் அமைக்கப்பட்டது; ஆயினும் நேர் பின்னே வரும் பகைவனை அப்பீரங்கிகளாற் சுட இயலாமை நீங்காக் குறையே. 1943இல் நியூயோர்க்கிற் செப்பனிடப்பட்டு, 1944 ஏப்ரிலில் திருகோணமலையை அடைந்த ரிஷலியூ, அம்மாதம் 19ஆந் திகதி சபாங் மீது விமானந்தாங்கிகள் நடத்திய தாக்குதலிலும், யூலை 25ஆந் திகதி அத்துறை மீதான பீரங்கித் தாக்குதலிலும் பங்குகொண்டது. இந்நான்கனுள் அமைப்பாற் சிறந்தது ரிஷலியூ எனக் கூறின் மிகையாகாது. எனினும் குயின் எலிசபெத், வலியன்ட் ஆகியவற்றோடு அணிவகுத்தபோது அணியின் வேகம் 24 கடல் மைலுக்கு மேற்பட இயலவில்லை.

9. மறுதலையான சான்றுகள்

மெதுவான கப்பல் பயனற்றது என இதனால் முடிவு செய்தல் தவறாகும். 1941 பெப்ரவரி 8ஆந் திகதி வட அத்திலாந்திக்கில் வணிகக் கப்பல் தொகுதியொன்றை நெருங்கிய சார்ன்ஹோஸ்ட், நைசனவ் என்னும் இரு ஜெர்மானிய விரைவுக் கப்பல்கள், காவலுக்கு நின்ற ராமிலிஸைக் கண்டதும் தாக்காது விலகின. பதினைந்து அங்குலப் பீரங்கி அங்கு சுடாமலே பணியை முடித்தது. வணிகக் கப்பல்களின் வேகமே காவலனுக்கு வேண்டிய வேகம். அப்பணிக்கு ராமிலிஸ் மெதுவானதன்று.

மறுபுறம், கொங்கோ வகுப்பின் கவசக் குறை குவாடல்கனாலில் வெளிப்பட்டது. 1942 நவம்பர் 13ஆந் திகதி இரவுச் சமரில், அண்மையிலிருந்து சுடப்பட்ட குரூசர்களின் 8 அங்குலக் குண்டுகளாலேயே ஹியெய் திசைதிருப்பும் பொறி செயலிழந்து, பின்னர் அழிந்தது. இரு இரவுகள் கழிந்து கிரிஷிமா, வாஷிங்டன் என்னும் அமெரிக்கக் கப்பலின் 16 அங்குலப் பீரங்கிகளை எதிர்ப்பட்டு மூழ்கிற்று. கொங்கோவை 1944 நவம்பர் 21ஆந் திகதி நீர்மூழ்கியொன்று தாக்கி அழித்தது. ஹாருனா 1945 யூலையில் குரே துறையில் விமானத் தாக்குதலால் அழிந்தது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, பெரும்போர்க்கப்பலின் தரத்தைப் பீரங்கியின் அளவையும் கவசத்தின் தடிப்பையும் கொண்டு மாத்திரம் நிறுக்கலாகாது. இரண்டாவது, 1942ஆம் ஆண்டளவில் வேகத்தின் தலையாய பயன் பகைவனை எட்டிப் பிடித்தலன்று, விமானந்தாங்கியோடு உடன்செல்லலேயாம். இவ்வொரு பணிக்குப் பொருந்தியமையாற் பழைய கொங்கோ வகுப்பு, தன்னிலும் வலிய கப்பல்களைப் பின்வாங்க வைத்த அணியில் இடம்பெற்றது. அப்பணியை விட்டு நேர்ச்சமரில் இறங்கியபோது அழிந்தது. மூன்றாவது, நன்னீர்த் தொட்டி, எரிபொருட் கொள்ளளவு போன்ற, அளவைப் பட்டியல்களின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும் செய்திகளே சிற்சில வேளைகளில் போரின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

போர்க்கப்பல்களை ஒப்பிடும் நூல்கள் பெரும்பாலும் வென்றது எது, தோற்றது எது என்பதோடு அமைகின்றன. அக்கப்பல்கள் காத்ததும் காக்கத் தவறியதும் எவற்றை என்ற வினாவையும் அவ்வொப்பீட்டிற் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு நோக்கின், இலங்கைத் தமிழரது வரலாற்றை, குறிப்பாக மலையகத்து மக்களின் போர்க்கால வரலாற்றை, எழுதப் புகுவோர் தோட்டக் கணக்கேடுகளோடு கடற்படையின் வரலாற்றையும் இணைத்துக் கற்றல் இன்றியமையாததாகும்.